பச்சைக்குக் கீழே ஒரு கிணறு

ஆகஸ்ட் விடுமுறைக்குக் கம்பஸிலிருந்து கற்பிட்டிக்கு வாற யாருக்கும் இந்தப் பச்சை ஆச்சரியம்தான். வழியெல்லாம் காய்ஞ்சு கிடக்க, இங்க வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் செழிச்சு நிக்கும். ஆனா அந்தத் தண்ணி எங்கிருந்து வருது?

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. நடுவில மணலுக்குள்ள, உப்புத்தண்ணிக்கு மேல மிதக்கிற மழைநீர்தான் எங்கட கிணறு. அளவுக்கு மிஞ்சி இறைச்சா உப்பு மேலேறும். மணல் பசளையைப் பிடிச்சு வைக்காது. பயிர் எடுக்காத யூரியா நைத்திரேற்றாகி, குடிக்கிற கிணற்றுக்கே போகும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இங்க அதைத் தாண்டின கிணறுகளை ஆய்வுகள் காட்டியிருக்கு. முதல் ஆபத்து கைக்குழந்தைகளுக்கு.

இதுக்காக விவசாயியைக் குற்றவாளியாக்க ஏலாது. 1990இல் வடக்கிலிருந்து வெறுங்கையோட வந்தவங்களையும் இந்த மணல்தான் வாழ வச்சது. 2021இல் இரசாயனப் பசளையைத் திடீரெனத் தடை செய்த அரசாங்கம், அதே வருஷம் நவம்பரில் அதைக் கைவிட்டது. மாற்று வழி காட்டாத தடை நிலைக்காது.

வேண்டியது வேற. கிணற்றுத் தண்ணியை ஒழுங்காகச் சோதிச்சு, முடிவைப் பள்ளிவாசலிலும் கோயிலிலும் பாடசாலையிலும் ஒட்டணும். சொட்டுநீர்க் குழாய்க்கு மானியம் கொடுக்கணும். "தோட்டம் எப்படி?" என்று கேட்கிற நாங்க, "கிணறு எப்படி?" என்றும் கேட்கப் பழகணும்.