நிலம் வடிகால் அன்று

அமெரிக்க நடுவணரசு 1949ஆம் ஆண்டில் ஐடகோ மாநிலத்தின் வறண்ட வெளியில் அணுவுலை ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவியது. இன்று அது ஐடகோ நாட்டு ஆய்வகம் எனப் பெயர் பூண்டு, ஏறத்தாழ 2,300 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கின்றது. 1951 திசம்பர் 20ஆம் நாள் அணுவாற்றலால் நான்கு மின்விளக்குகள் எரிந்தது அங்கேதான். அவ் விளக்குகளை உலகம் அறியும். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அங்கே பயனுக்கு வந்த கிணற்றை அறிந்தோர் சிலரே.

அக் கிணறு நீரிறைப்பதற்கன்று. கழிவுநீரை உள்ளே இறக்குவதற்கு! எரிந்து தீர்ந்த அணு எரிபொருளைப் பிரித்தெடுத்த ஆலையின் கழிவுநீர் ஏறத்தாழ 180 மீட்டர் ஆழத்திற்கு, நிலத்தடி நீருக்குள்ளேயே, நேராகச் செலுத்தப்பட்டது. திரித்தியமும் இசுட்ரான்சியம்-90உம் அயோடின்-129உம் அதனுடன் இறங்கின. 1984 வரை முப்பதாண்டுக்கு மேல் இது நடந்தது. செய்தவர் எழுத்தறியாதவரா? உலகின் தேர்ந்த அறிவியலாளர்! அவர்களின் கையைப் பிடித்து நிறுத்தும் வரம்பொன்று அன்று இல்லை என்பதே கரணியம்.

அந்நிலத்தின் அடியிலிருப்பது இசுநேக்கு ஆற்றுப் படுகையின் பெருநீர்த்தேக்கம். உருளைக்கிழங்கு விளையும் வயல்களுக்கும், ஏறத்தாழ மூன்று இலக்கம் மக்களின் குடிநீருக்கும் அதுவே ஊற்று. மேலே கிடப்பதோ வெடிப்புகள் நிறைந்த எரிமலைக் கரும்பாறை. மண் நீரை வடிகட்டும் என்பது உண்மையே. நுண்ணுயிர்கள் அழுக்கை உண்ணும், செடிகள் நைட்ரசனை உறிஞ்சும். ஆயின் உப்பை எந்த மண்ணும் தின்பதில்லை. பாறை வெடிப்பில் விழுந்த நீரை எந்த வேரும் தடுப்பதில்லை.

இன்று அவ் வாய்வகம் உறிஞ்சுகுளத்தில் நீர் விட வேண்டுமாயினும், தூய்மை செய்த நீரை நிலத்திற் பாய்ச்ச வேண்டுமாயினும், மாநில அரசின் இசைவாணை வேண்டும். ஆண்டிற்கு இவ்வளவே விடலாம் என அது அளவு குறிக்கும். குளத்திற்கு மேற்புறத்தும் கீழ்ப்புறத்தும் உள்ள கண்காணிப்புக் கிணறுகளிலிருந்து நீரெடுத்து ஆய்ந்து, ஆண்டுதோறும் கணக்கு ஒப்படைக்கப் பணிக்கும். குடிநீருக்குரிய நைட்ரேட்டு நைட்ரசன் வரம்பு இலிட்டருக்கு 10 மில்லிகிராம். நடுவணரசின் நிறுவனம் மாநிலத்தின் முன் கணக்கேட்டை நீட்டி நிற்பது எளிய செய்தியன்று.

எனினும் ஓட்டை ஒன்றுண்டு. அதுவும் பெரிய ஓட்டை. நைட்ரசனுக்கும் உப்புக்கும் வரம்பு கட்டும் அவ் விசைவாணை, கதிரியக்கத்திற்கு வரம்பு கட்டுவதில்லை. அணுவாற்றற் சட்டம் அவ் வுரிமையை நடுவணரசிடமே வைத்துள்ளது. நீர்த்தூய்மைச் சட்டம் அணுவாற்றற் சட்டத்திற்கு உட்பட்ட கதிரியக்கப் பொருள்களைத் தழுவாதென 1976இல் அந்நாட்டு உச்ச வழக்குமன்றமும் தீர்ப்பளித்தது. கழிவை ஆக்குவோரும், அதற்கு அளவு குறிப்போரும், அளந்து பார்ப்போரும் ஒருவரே! பயிரை மேய்ந்த மாட்டிடமே வேலிக்கணக்குக் கேட்பது எவ்வகை முறைமை?

ஐடகோ மக்கள் வாளாவிருக்கவில்லை. 1989இல் அம் மாநிலச் சட்டமன்றம் தனக்கெனக் கண்காணிப்புத் துறை ஒன்றை அமைத்தது. அத்துறை தன் கையால் நீரெடுத்துத் தானே ஆய்ந்தது. 1991இல் துப்புரவுப் பணிக்கான உடன்பாட்டில் நடுவணரசின் இரு துறைகளோடு மாநிலமும் கையொப்பமிட்டது. வரம்பு கட்டும் உரிமை இல்லாவிடினும் கண்டு சொல்லும் உரிமையை அது விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் கண்டு சொல்வது நஞ்சு இறங்கிய பின்னன்றோ? இறங்குமுன் தடுக்கும் உரிமையும் அவ் விசைவாணையில் ஏற வேண்டும். அதற்கு இடையூறாக நிற்கும் சட்டப்பிரிவு திருத்தப்பட வேண்டும்.

கிணறு மூடப்பட்ட பின் திரித்தியத்தின் அளவு ஆண்டுதோறும் தேய்ந்து வருகின்றது. அது பன்னிரண்டு ஆண்டிற்கொருமுறை பாதியாகும் பொருள். அயோடின்-129 பாதியாவதற்கோ ஒன்றரைக் கோடி ஆண்டிற்கு மேலாகும்.