மணலை எரிக்கும் பூதமும் மறந்துபோன மனிதரும்

"உலகின் படுபயங்கரமான பத்து ரசாயனங்கள்" என்று யார் பட்டியல் போட்டாலும் குளோரின் டிரைஃபுளோரைடுக்கு அதில் ஓர் இடம் நிச்சயம். மணலை எரிக்கும்! கான்கிரீட்டை எரிக்கும்! தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும்! ஹிட்லரே பயந்து கைவிட்டார்! படிப்பவர் வாயைப் பிளக்கிறார், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார். இது அறிவியலா, இல்லை சந்தையில் கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடுகிறேன் என்று கூட்டம் சேர்க்கும் வித்தையா?

முதலில் ஹிட்லர் கதை. 1930இல் ஜெர்மனியில் ஓட்டோ ரூஃப் குழுவினர் தயாரித்த பொருள் இது. பால்கன்ஹாகனில் மாதம் 90 டன் தயாரிக்கத் திட்டம் போட்டார்கள். 1945இல் செம்படை வந்து சேரும்வரை மொத்தமே சில பத்து டன்தான் தேறியது. அச்சமல்ல, ஆலை திட்டமிட்ட அளவை எட்டவே இல்லை.

அடுத்தது மணல். மணல் என்பது ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்ட சிலிக்கன், அதாவது எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி. அதனால்தான் சாதாரணத் தீ அதை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் சிலிக்கன், ஆக்சிஜனைவிட ஃபுளோரினை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். குளோரினோ தன் ஃபுளோரினைத் தளர்வாகத்தான் பிடித்திருக்கிறது. கை மாறுகிறது, வெப்பம் கொட்டுகிறது. அவ்வளவுதான். இதில் பேயும் இல்லை, பூதமும் இல்லை.

இப்போது எல்லாரும் ரசித்துச் சொல்லும் அந்த அமெரிக்க விபத்து. ராக்கெட் எரிபொருள் ஆராய்ச்சியாளர் ஜான் கிளார்க் 1972இல் வெளியிட்ட நூலில் இதை எழுதியிருக்கிறார். லூசியானாவில் ஒரு டன் திரவம் கொட்டி, 12 அங்குலக் கான்கிரீட்டைத் தின்று, அடியில் இருந்த சரளையில் மூன்றடிப் பள்ளம் பறித்தது. பட்டியல்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஏன் கொட்டியது? நிரப்புவதற்கு வசதியாக எஃகு உருளையை உலர்பனியால் குளிரவைத்திருந்தார்கள். குளிர்ந்த எஃகு நொறுங்கும் தன்மை அடைந்துவிட்டிருக்க வேண்டும். தள்ளுவண்டியில் ஏற்றும்போது பிளந்தது. உருளையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஓடினார், மாரடைப்பில் விழுந்தார். அவர் ஓடிய வேகம் இன்றுவரை நகைச்சுவை! மூன்றடிப் பள்ளத்தை அளந்தவர்களுக்கு அந்த மனிதரின் பெயர் தெரியாது.

பூதம் என்று பெயர் வைத்துவிட்டால் இதுதான் வசதி. பூதம் செய்ததற்கு யார் பொறுப்பு? உருளைக்கு எந்த எஃகு என்று தீர்மானித்தவரை யாரும் கேட்கப்போவதில்லை.

இத்தனைக்கும் இதே திரவத்தை நிக்கல், தாமிரம், எஃகுக் கலன்களில் வைக்க முடிகிறது. உலோகத்தின் மேல் மெல்லிய ஃபுளோரைடு படலம் உருவாகி அதுவே காவல் காக்கும். உள்ளே கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ இருந்தால் போதும், காவல் போச்சு. தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும். அது தோல் வழியே புகுந்து ரத்தத்தின் கால்சியத்தையே குறைத்துவிடும். இன்று சில்லு ஆலைகளில் கருவிகளின் உட்புறத்தைச் சுத்தம் செய்ய இது பயன்படுகிறது. அங்கே உயிரைக் காப்பது ஆச்சரியக்குறி அல்ல. குழாயைத் துடைத்து, உலர்த்தி, சோதித்துப் பார்க்கும் ஒரு தொழிலாளியின் சலிப்பூட்டும் வேலை.

அடுத்த முறை பட்டியல் போடுகிறவர்கள் அந்த வேலையைப் பற்றியும் ஒரு வரி எழுதட்டும். மணல் எரிவதைவிட அதுதான் பெரிய அதிசயம்.