காதால் ஆடும் ஆட்டம்
கைக்கு அடக்கமான மின்னணு விளையாட்டு என்றாலே பிள்ளைகளின் கண் திரையில் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறோம். 'பாப் இட்' பொம்மையில் திரையே கிடையாது. அமெரிக்கரான டான் கிளிட்ஸ்னர் உருவாக்க, ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1996-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. நடுவில் ஒரு பெரிய பொத்தான், திருக ஒரு பிடி, இழுக்க ஒரு பிடி. அடி, திருகு, இழு என்று உள்ளிருந்து குரல் ஆங்கிலத்தில் கட்டளையிடும். தாளம் தப்பாமல் கை அதைச் செய்ய வேண்டும். போகப் போக வேகம் கூடும். ஒரு கணம் தயங்கினாலோ, பிடி மாறினாலோ ஆட்டம் முடிந்தது. குரலே இல்லாமல், செயலுக்கு ஒன்றாக வெறும் ஓசைகள் மட்டும் வரும் முறையும் உண்டு. அதற்கு ஆங்கிலம்கூட வேண்டாம். எல்லாமே செவி வழி நடப்பதால், பார்வையற்ற சிறுமி பார்வையுள்ள அண்ணனோடு சரிக்குச் சமமாக மோதலாம், ஜெயிக்கலாம். யாரும் அவளுக்காக விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. எத்தனை பொம்மைகளைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்? பொம்மை செய்கிறவர்களே, அடுத்ததைக் கடைக்கு அனுப்பும் முன் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு ஆடிப் பாருங்கள்.