உழுதவர் ஒருவர், பட்டா இன்னொருவர் பெயரில்: கமிட்டிலும் அதே கதைதானா?

தோழி ஒருவர் சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். தலித் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் படிக்க வைத்தவர்.

வங்கிக் கணக்கையும் நிறுவனக் கணக்கையும் ஒப்பிட்டு, எங்கே பணம் இடிக்கிறது என்று கண்டுபிடிக்கும் ஒரு மாட்யூலை ஐந்து மாதம் உட்கார்ந்து எழுதினார். முடியும் தறுவாயில் ஒரு திங்கள்கிழமை மீட்டிங். "நீங்க சப்போர்ட்டுக்குப் போயிடுங்க, இதை அவர் பார்த்துப்பார்" என்றார் மேனேஜர். காரணம் சொல்லவில்லை. வேலையை வாங்கிக்கொண்ட சக ஊழியர், தோழியின் ஃபைல்களை அப்படியே புதிய பிராஞ்சுக்கு நகலெடுத்தார். இடைவெளிகளைச் சரிசெய்தார். தன் பெயரில் ஒரே கமிட். தோழியின் பழைய பிராஞ்ச், 'சுத்தம் செய்கிறோம்' என்ற பெயரில் அழிக்கப்பட்டது.

அப்ரைசல் வந்தது. மேனேஜர் லாக்கைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த ஆறு மாசத்துல உங்க பேர்ல ஒண்ணுமே காணோமே?"

இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தோழி என்னிடம் கேட்டார்: "இதுல சாதி இருக்குன்னு நான் எப்படி நிரூபிக்கிறது?"

நிரூபிக்கும் சுமையை அவர் தலையில் ஏற்றியது யார்? அதிலிருந்து தொடங்குவோம்.

முதலில் கருவியைப் பார்ப்போம். ஏனென்றால் கேட்டால் வரும் முதல் பதில், "டூல் அப்படித்தாங்க" என்பது. அது பொய். கிட் என்ற மென்பொருளை 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது லினக்ஸ் கர்னல் வேலைக்காக. உலகின் பல மூலைகளிலிருந்து பலர் மின்னஞ்சலில் மாற்றங்களை அனுப்புவார்கள். பராமரிப்பாளர் அவற்றைச் சரிபார்த்துச் சேர்ப்பார். அதனால் கிட்டின் ஒவ்வொரு கமிட்டிலும் இரண்டு பெயர்களுக்கு இடம் உண்டு: எழுதியவர் ஒருவர், சேர்த்தவர் ஒருவர். நட்டவர் பெயர் தனி, களத்துமேட்டில் நெல்லை அளந்தவர் பெயர் தனி.

எனவே வேலை கை மாறும்போது பெயர் மாற வேண்டிய அவசியமே இல்லை. புதியவர் அதே பிராஞ்சை எடுத்து அதன் மேலேயே தொடர்ந்தால், பழைய கமிட்டுகள் எழுதியவர் பெயரிலேயே இருக்கும். ரீபேஸ் செய்தாலும், செர்ரி-பிக் செய்தாலும் சேர்த்தவர் பெயர்தான் மாறும். எழுதியவர் பெயர் நிற்கும். பெயரை அழிக்க வேண்டுமானால் ஒருவர் மெனக்கெட வேண்டும். ஃபைலை நகலெடுத்துப் புதிதாகக் கமிட் செய்ய வேண்டும். அல்லது எல்லாவற்றையும் ஒன்றாக ஸ்குவாஷ் செய்து தன் பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டும். அல்லது எழுதியவர் பெயரை மாற்றும் கட்டளையைத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஒருவர் சோம்பலில் செய்யலாம், இன்னொருவர் தெரிந்தே செய்யலாம். கருவி தானாகச் செய்வதில்லை.

இது நமக்குப் புதிய கதையா? 1892-இல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்க வழி செய்தது. பிறருக்கு மாற்றக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் பெயர்கள் மாறின, பட்டாக்கள் மாறின. இன்று ஆவணத்தைக் காட்டு என்று நம்மிடமே கேட்கிறார்கள். நிலத்தின் கொடுமையும் கமிட்டின் கொடுமையும் ஒரே எடை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வழி ஒன்றுதான்: முதலில் பெயரை மாற்று, பிறகு பதிவைக் காட்டி 'உன்னிடம் ஒன்றுமில்லை' என்று சொல். ஐடி வளாகங்களில் இதற்குத் 'தகுதி' என்று பெயர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த வரியைக் கடைசியாகத் தொட்டது யார் என்று காட்டும் கட்டளைக்குக் கிட்டில் 'பிளேம்' என்று பெயர். அதாவது பழி. அதற்கு முந்தைய சப்வெர்ஷனில் அதே கட்டளையை 'பிரெய்ஸ்', அதாவது பாராட்டு, என்றும் அடிக்கலாம். விடை ஒன்றுதான். அலுவலகத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. புதிய வசதி வெளியானால் பாராட்டு ஒருவருக்கு. நள்ளிரவில் சர்வர் விழுந்தால், சப்போர்ட்டுக்குத் தள்ளப்பட்டவர் அவசரமாகத் திருத்திய வரிகளில் அவர் பெயர் நிற்கும். பழி அவருக்கு.

"இது எல்லோருக்கும் நடக்கிறதே, இதில் ஏன் சாதியை இழுக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். எல்லோருக்கும் நடக்கிறது, உண்மை. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி இழப்பதில்லை. கல்லூரி சீனியர் லீடாக இருப்பவருக்கு, சித்தப்பா வேறொரு நிறுவனத்தில் டைரக்டராக இருப்பவருக்கு, லாக்கில் பெயர் இல்லாவிட்டாலும் "பையன் நல்லா பண்ணுவான்" என்று சொல்ல ஆள் இருக்கிறது. நம் தோழிக்கு அந்த லாக்கைத் தவிர வேறு சாட்சி இல்லை. அதையும் அழித்துவிட்டு 'நடுநிலை' பேசுவதைத்தான் சாதி என்கிறோம். நோக்கத்தைத் தேடி யார் மனதையும் பிளந்து பார்க்க வேண்டியதில்லை. யாரிடமிருந்து வேலை பிடுங்கப்படுகிறது, யாரிடம் போய்ச் சேருகிறது என்று ஓராண்டுக் கணக்கை எடுத்து வையுங்கள். வேலையை மாற்றியவர் விளக்கம் சொல்லட்டும்.

2020 ஜூனில் கலிஃபோர்னியா மாநில அரசு சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. தலித் பொறியாளர் ஒருவர் புகார் கொடுத்த பிறகு அவரிடமிருந்த தலைமைப் பொறுப்புகள் பறிக்கப்பட்டன, அவர் தனிமைப்படுத்தப்பட்டார் என்றது மனு. சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் அல்ல என்று நிறுவனத்துக்குள் பதில் வந்ததாகவும் அதில் இருந்தது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. 2023-இல் இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கை அரசே கைவிட்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. தீர்ப்பு எதுவானாலும் நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே பேசப்பட்டது அடியோ வசவோ அல்ல. வேலையை யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியா ஆளுநர் அதே நோக்கமுள்ள மசோதாவை வீட்டோ செய்தார். அங்கே விவாதமாவது நடந்தது. நம் ஊர்த் தனியார் நிறுவனங்களில் இட ஒதுக்கீடும் இல்லை, இதைப் பற்றிய பேச்சும் இல்லை.

நாம் கேட்பவை எளியவை. வேலை கை மாறினால் காரணத்தை டிக்கெட்டில் எழுத வேண்டும். பழைய பிராஞ்சின் மேலேயே வேலை தொடர வேண்டும். ஸ்குவாஷ் செய்தே ஆக வேண்டுமென்றால் இணைந்து எழுதியவர் பெயரை கமிட் செய்தியின் கீழ் சேர்க்க வேண்டும். 2018 முதல் கிட்ஹப் அந்த வரியைப் படித்து எல்லோர் பெயரையும் காட்டுகிறது. ஒரே ஒரு வரிதான். கமிட்டை எண்ணி அப்ரைசல் போடுவதை நிறுத்த வேண்டும். யாரிடமிருந்து யாருக்கு வேலை மாறியது என்ற கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை டீம் முன்னால் வைக்க வேண்டும்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் இதே துறையில் இருக்கிறீர்கள். சிலர் அந்த 'வாங்கிக்கொண்ட சக ஊழியர்' நாற்காலியில்கூட இருக்கலாம். அடுத்த முறை இன்னொருவர் வேலை உங்கள் கைக்கு வரும்போது லாக்கைத் திறந்து பாருங்கள். அவர் பெயர் இல்லையென்றால் சேருங்கள். வேறு யாராவது அழித்திருந்தால் அந்த மீட்டிங்கிலேயே கேளுங்கள். தோழி கேட்டால் 'பிரச்சனை பண்ணுகிறவர்' ஆகிவிடுவார். நீங்கள் கேட்டால் அது வெறும் கேள்வி. அந்த வசதி உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதை மீட்டிங் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் யோசிக்கலாம்.