பரோட்டாவுக்கு வரி இல்லை, கேப்பை மாவுக்கு உண்டு

2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட் பரோட்டாவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதுவரை 18 சதவீதம் இருந்தது. பன் பரோட்டாவுக்குப் பேர்போன மதுரையில் இதற்கு யாரும் முகம் சுளிக்கப்போவதில்லை. ஆனால் அதே கடையில் பக்கத்துத் தட்டில் இருக்கும் பாக்கெட் கேப்பை (கேழ்வரகு) மாவுக்கு 5 சதவீதம் வரி உண்டு. சுட்டு அடைத்த பரோட்டாவுக்குச் சலுகை, வீட்டில் ரொட்டி சுட வாங்கும் மாவுக்கு வரி. இது என்ன கணக்கு?

மில்லில் அரைத்து உதிரியாக விற்கும் மாவுக்கு வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் கேப்பையை அலசி, காயவைத்து, மில்லுக்குத் தூக்கிப்போக இன்று எத்தனை வீடுகளில் ஆளும் நேரமும் இருக்கிறது? வேலைக்குப் போகிற பெண் பாக்கெட்டைத்தான் எடுப்பார்.

மதுரைச் சீமைக்குக் கேப்பை புதிதல்ல. 1895-இல் பெரியாறு அணை வந்த பிறகு மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் நெல் செழித்தது. பேரையூர், டி.கல்லுப்பட்டி போன்ற வானம் பார்த்த பூமியில் கம்பும் சோளமும் கேப்பையும்தான் வெகுகாலம் வயிற்றை நிரப்பின. நெல்லுச்சோறு நல்ல நாள், பெரிய நாளுக்கு.

கேப்பை ரொட்டிக்கு வேண்டியது கொஞ்சம்தான்: மாவு, ஆய்ந்த முருங்கைக் கீரை, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. சூட்சுமம் தண்ணீரில் இருக்கிறது. கோதுமை மாவை இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் கேப்பையில் இல்லை. பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் தட்டும்போதே ஓரம் வெடிக்கும். கொதிக்கும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறினால், மாவுச்சத்து பாதி வெந்து பசையாகி மாவு பிடிபடும். கை பொறுக்கும் சூட்டில் உருட்டி, எண்ணெய் தடவிய வாழையிலையில் தட்டி, இலையோடு கல்லில் கவிழ்த்து, இலையை மெல்ல உரித்தெடுக்க வேண்டும். மிதமான தீயில், சுற்றிலும் நல்லெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் வேகவிட்டால் போதும். புளிக்க வைக்க வேண்டாம், அடுப்பும் கல்லும் தவிர வேறு சாதனமும் வேண்டாம்.

கீரை சேர்ப்பது ருசிக்கு மட்டுமல்ல, சத்துக்கும்தான். ஏன் என்பதற்கு மக்காச்சோளம் ஒரு பாடம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மக்காச்சோள மாவையும் மோரையும் கலந்து இரும்புச் சட்டியில் சுடும் ரொட்டிதான் ஏழை வீட்டு உணவாக இருந்தது. வேறு எதுவும் அதிகம் கிடைக்காமல் மக்காச்சோளத்தையே நம்பியிருந்தவர்களை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்லக்ரா நோய் வாட்டியது. 1914-இல் அரசு அனுப்பிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், அது தொற்றுநோயல்ல, சத்துக் குறைந்த சாப்பாட்டால் வருவது என்று காட்டினார். எந்தத் தானியமானாலும் அதை மட்டுமே தின்று உடம்பு தேறாது. கீரையும் பருப்பும் நிலக்கடலையும் சேர வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து கேப்பையைச் சர்க்கரை நோய்க்கு மருந்துபோல விற்கிறார்கள். மருந்தல்ல அது. நைசாக அரைத்துக் கூழாகக் குடித்தால் கேப்பையும் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். அதன் உண்மையான பலம் கால்சியம்: 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முளைகட்டி அரைத்தால் அந்தச் சத்து உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும்.

கேப்பையை மக்களிடம் சேர்க்க வழி தெரியாமல் இல்லை. 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. அது மதுரை மாவட்ட அட்டைகளுக்கும் வர வேண்டும், விருப்பப்பட்டவர் வாங்கிக்கொள்ளட்டும். பாக்கெட் கேப்பை மாவின் 5 சதவீத வரியை நீக்கும்படி மாநில அரசு ஜிஎஸ்டி கவுன்சிலில் கேட்க வேண்டும். பரோட்டாவுக்கு 18 சதவீதத்தை விட்டுக்கொடுத்த கவுன்சிலுக்கு இது பெரிய இழப்பாக இருக்காது.