வில்கமுவவிற் கூடுவோர்

கழகங்கள் தம் வட்டார உறுப்பினரை வார இறுதியில் ஓரிடத்தே ஒன்றுகூட்டுதல் நல்வழக்கமே. 1905-இல் சிக்காகோ நகரிற் பால் ஹாரிஸ் தொடங்கிய கழகம், உறுப்பினர்தம் அலுவலகங்களில் முறைமாறிக் கூடியமையாலன்றோ 'ரோட்டரி' எனப் பெயர்பெற்றது! ஒருவனை அவன் தொழில்புரியும் இடத்திற் சென்றறிதலே அன்றைய கூட்டம். இன்றோ விடுதி மண்டபமே கூட்டமாயிற்று. நன்றியுரையின் நீளமோ சொல்லுந் தரமன்று.

மாத்தளை மாவட்டத்து வில்கமுவவிற் கூடுவோரை எண்ணுகின்றேன். 1984-இல் தேசியப் பூங்காவாகிய வஸ்கமுவ அதனருகே உளது. ஊர்தியிலிருந்து யானையைக் கண்டு களிப்பவர், அதே யானைக்கு அஞ்சி இரவெல்லாம் பரணிற் கண்விழிக்கும் உழவரைக் காணாதே மீள்கின்றனர். குறிஞ்சித்திணையின் பரண்காவலை மாணாக்கர்க்குச் சுவைபடப் பாடஞ்சொல்லும் யானும் இவ்வுழவரை நினைந்ததில்லை.

அங்குள்ள உழவர் சிலர் வீட்டைச் சூழத் தோடை மரம் நட்டுள்ளனர். யானை அதனை விரும்புவதில்லை, பழமோ விலைபோகும். உரைகளிரண்டைக் குறைத்து அத்தோட்டங்களுக்குச் செல்லலாகாதா? மூத்த உழவரொருவரை மண்டபத்துக்கு அழைத்துப் பேசவிடலாகாதா? மீளும்போது ஊர்திக்கொரு கூடை தோடம்பழமேனும் வாங்குக. விலையைக் குறைத்துக் கேளாதீர்.