ஃபோர் பை ஃபோர் இருந்தா பனியில் பயமே இல்லையா? தோப்புப் பாதை டிரைவர்களுக்குத் தெரிந்த விஷயம், மணாலி போகிறவர்களுக்கு ஏன் தெரிவதில்லை?

ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் பக்கம் மலையடிவாரத் தோப்புகளுக்குப் போகும் மண் பாதைகளில் ஐப்பசி, கார்த்திகை மழை நேரத்தில் பிக்கப் ஓட்டுவது தனி வித்தை. காலி வண்டி ஏறும்போது யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. ஏறவில்லை என்றால் பின் சக்கரம் சும்மா சுற்றும், சேறு தெறிக்கும், நாலு பேர் இறங்கித் தள்ளுவார்கள். அவ்வளவுதான். தேங்காயை ஏற்றிக்கொண்டு இறங்கும்போதுதான் கேபினில் பேச்சு நின்றுவிடும். முதல் கியர், பிரேக்கில் கால் படுவதும் தெரியாமல், எடுப்பதும் தெரியாமல், உருட்டிக்கொண்டே வருவார் டிரைவர். ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புப் பக்கமும் இதே கதைதான்.

வழுக்கும் பாதையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து என்பது இந்த டிரைவர்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொன்ன பாடம் இல்லை. ஆனால் இதே ஊர்களிலிருந்து சென்னைக்கும் பெங்களூருவுக்கும் வேலைக்குப் போன தலைமுறை, டிசம்பர் லீவில் மணாலிக்கு டிக்கெட் போடும்போது இந்தப் பாடத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறது. "ரோட்டில் பனி கொட்டுதாமே, எப்படி ஓட்டுவ?" என்று கேட்டால் வரும் பதில்: "ஃபோர் பை ஃபோர் புக் பண்ணியாச்சு, அப்புறம் என்ன?"

அந்த 'அப்புறம் என்ன'வில்தான் பிரச்சினை.

நான்கு சக்கர இயக்கம் என்பது வண்டியை நகர்த்துவதற்கான ஏற்பாடு. இன்ஜின் சக்தி இரண்டு சக்கரத்துக்குப் பதிலாக நான்குக்கும் போகிறது. சேற்றில், மணலில், பனியில் ஒரு பக்கம் பிடிப்பு இல்லாவிட்டாலும் இன்னொரு பக்கம் வண்டியை இழுத்துவிடும். நல்ல விஷயம்தான். ஆனால் பிரேக்? ஒரு பழைய ஆல்டோவிலும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. பல லட்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய ஃபோர் பை ஃபோரிலும் அதே நான்குதான். வண்டியை நிறுத்துவதிலும் வளைப்பதிலும் அந்தக் கூடுதல் கியர் லீவருக்குக் கிட்டத்தட்ட வேலையே கிடையாது. அங்கே வேலை செய்வது, ஒவ்வொரு டயரிலும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்ளங்கை அளவு ரப்பர் மட்டும்.

2024 டிசம்பர் 23-ம் தேதி இமாச்சலத்தில் பனி கொட்டியபோது, சோலங்கிற்கும் அடல் சுரங்கத்துக்கும் இடையில் சுமார் ஆயிரம் வாகனங்கள் சிக்கிக்கொண்டன. நான்கு நாள் கழித்து 27-ம் தேதி, சோலங் நாலாவில் மாட்டிய சுமார் 5,000 சுற்றுலாப் பயணிகளை குல்லு போலீஸ் மீட்டது. அந்த நாட்களில் நம் வாட்ஸ்அப் குரூப்புகளிலும் சுற்றிய வீடியோக்கள் நினைவிருக்கலாம். கம்பீரமான எஸ்யூவி ஒன்று மெதுவாக, மிக மெதுவாக, பின்னோக்கிச் சறுக்கும். டிரைவர் கதவைத் திறந்து குதிப்பார். வண்டி தன் போக்கில் போய்க்கொண்டே இருக்கும்.

பிரேக் பிடித்தும் வண்டி எப்படி நகர்கிறது? கணக்கு சின்னதுதான். காய்ந்த தார் ரோட்டில் டயருக்குக் கிடைக்கும் பிடிப்பை ஏழு பங்கு என்று வைத்துக்கொண்டால், அழுந்திய பனியில் அது இரண்டு பங்கு. வழுவழு ஐஸில் ஒரு பங்கு, சில நேரம் அதுகூட இல்லை. மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் வண்டி பிரேக் பிடித்த பிறகு, காய்ந்த தாரில் சுமார் 9 மீட்டரில் நிற்கும். அழுந்திய பனியில் சுமார் 31 மீட்டர். ஐஸில் 60 மீட்டருக்கு மேல். டவுன் பஸ் ஐந்தை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம் அது.

இதெல்லாம் சமதளத்துக்கு. மலை ரோட்டில் கணக்கு இன்னும் மோசம். பத்து மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் இறக்கம் என்பது நம் ஊர் ஓவர்பிரிட்ஜைவிட அதிகமான சரிவு, மலைப்பாதையில் சாதாரணம். ஐஸ் மூடிய அப்படியொரு சரிவில், நான்கு சக்கரத்தையும் இறுகப் பூட்டினாலும் வண்டியால் நிற்க முடியாது. ஹேண்ட் பிரேக் போட்டு பார்க் செய்த வண்டிகூடக் கிளம்பிவிடும். வீடியோவில் நாம் பார்த்தது பிரேக் ஃபெயிலியர் இல்லை. பிரேக் சரியாகத்தான் பிடித்திருக்கும், ரோட்டைத்தான் டயர் பிடிக்கவில்லை.

"வண்டி வெயிட்டா இருந்தா நல்லா பிடிக்குமே?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். எடை கூடினால் டயர் அழுத்தம் கூடும், உண்மைதான். ஆனால் நிறுத்த வேண்டிய எடையும் அதே அளவு கூடுகிறதே. இரண்டும் கழிந்துபோய், ரெண்டு டன் வண்டிக்கும் ஒரு டன் வண்டிக்கும் ஐஸ் ஒரே நீதிதான் வழங்கும்.

இதில் நமக்கு மொழியும் கொஞ்சம் சதி செய்கிறது. மார்கழி காலையில் புல்லில் இருப்பதும் பனி, ரோட்டை மறைக்கும் மூட்டமும் பனி, ஊட்டி தலைகுந்தாவில் புல்வெளியை வெள்ளையாக்குவது உறைபனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. எல்லாவற்றுக்கும் ஒரே சொல் வைத்திருக்கும் நாம், டிரைவருக்கு இவை வேறு வேறு ஆட்கள் என்பதை மறந்துவிடுகிறோம். புதிதாக விழுந்த பஞ்சுப் பனியில் டயர் கொஞ்சம் கடித்துப் போகும். பத்து வண்டி ஏறி அழுத்திய பனி அதைவிட மோசம். பகலில் உருகி, வெயில் இறங்கியதும் மறுபடி உறைந்த பனிதான் எமன். தார் கறுப்பு அப்படியே தெரியும், மேலே கண்ணாடி மாதிரி ஐஸ் படிந்திருக்கும். 'பிளாக் ஐஸ்' என்பது இதைத்தான். ஈர ரோடு என்று நினைத்து வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால், வண்டி நேராகவே போகும். கடுங்குளிரில் இருக்கும் ஐஸைவிட, பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய, லேசாக நீர் கசியும் ஐஸ்தான் அதிகம் வழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பிக்கப்புக்கு வருவோம். ஆந்திராவின் ஸ்ரீ சிட்டியில் தயாராகும் இசுஸு வி-கிராஸ், 2022-ல் இங்கே வந்த டொயோட்டா ஹைலக்ஸ் என்று, சொந்த உபயோகத்துக்குப் பிக்கப் வாங்கும் ஆசை நம் பக்கமும் எட்டிப் பார்க்கிறது. பிக்கப்பின் உடம்புவாகு அப்படி: இன்ஜின், கேபின், ஆட்கள் எல்லாம் முன்னால். பின்னால் காலித் தொட்டி. அதனால் பின் சக்கரத்தின் மேல் அழுத்தம் குறைவு. டூ வீல் டிரைவில் பின் சக்கரம்தான் வண்டியைத் தள்ளுகிறது, அதுவே லேசாக இருந்தால் சும்மா சுழலும், வளைவில் பின்பக்கம் விசிறிக்கொண்டு வெளியே வரும். பனி நாடுகளில் பின் ஆக்சிலுக்கு மேலே மணல் மூட்டை வைத்துக் கட்டி ஓட்டுவது இதனால்தான். கட்டுவது முக்கியம். கட்டாத மூட்டை, மோதலில் கேபினைத் தேடி வரும்.

அடுத்தது அந்த லீவர் அல்லது திருகு பட்டன். 2 ஹெச், 4 ஹெச், 4 எல் என்று மூன்று நிலை. 2 ஹெச் சாதாரண ரோட்டுக்கு. 4 ஹெச் பனி, சேறு, மணலுக்கு. 4 எல் என்பது மிக மெதுவாக, மிக வலுவாக இழுக்க. இந்தப் பிக்கப்களில் 4 ஹெச் போட்டதும் முன், பின் ஆக்சில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும். வழுக்கும் தரையில் டயர் லேசாக நழுவிச் சமாளித்துவிடும். காய்ந்த தாரில் நழுவ வழியில்லை, வண்டி முறுக்கிக்கொள்ளும், கியர் பெட்டி தேயும். எனவே பனி முடிந்து தார் தெரிந்ததும் 2 ஹெச்சுக்குத் திரும்ப வேண்டும். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் 'கெத்து'க்காக 4 ஹெச் போட்டுக்கொண்டு வருபவர்கள் மெக்கானிக்குக்குத்தான் உதவி செய்கிறார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இறக்கத்தில் ஃபோர் பை ஃபோர் ஒரு உதவி செய்கிறது. கீழ் கியரில் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்போது, அந்தப் பிடி இரண்டு சக்கரத்தில் மட்டும் விழாமல் நான்கிலும் பரவும். தோப்பு டிரைவர் முதல் கியரில் உருட்டுகிறாரே, அந்த வித்தையின் மேம்பட்ட வடிவம். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஐஸில் ரொம்பக் கீழ் கியரைப் போட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், இன்ஜின் பிடியே சக்கரத்தை வழுக்க வைத்துவிடும். எதையும் சட்டென்று செய்யாதே என்பதுதான் அங்கே சட்டம். ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் தடதடவென்று உதறும், பயந்து காலை எடுக்கக் கூடாது. பின்பக்கம் விலகினால் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் விட்டு, போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும்.

பனியோடு வருஷத்தில் நாலைந்து மாதம் வாழ்கிறவர்கள் எதை நம்புகிறார்கள்? கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறது என்று சொல்லித் தப்ப முடியாது. நம் ஆட்கள் நிறைய இருக்கும் டொராண்டோவை உள்ளடக்கிய ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் வின்டர் டயர் போட்டால் இன்சூரன்ஸ் பிரீமியத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. நாம் ஓட்டும் சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். வின்டர் டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மெத்தென்று இருக்கும். நல்ல வின்டர் டயர் போட்ட சின்ன கார், தென்னாட்டு டயரோடு வந்த பெரிய ஃபோர் பை ஃபோரைவிட ஐஸில் சீக்கிரம் நிற்கும். முரட்டுப் பட்டன் வைத்த ஆல் டெரைன் டயரும் சேற்றுக்குச் சரி, ஐஸுக்குப் பெரிய உதவி இல்லை.

இந்த இடத்தில்தான் இமாச்சல நடைமுறையைக் குறை சொல்லத் தோன்றுகிறது. பனி கொட்டும்போது சோலங்கிற்கு மேலே "ஃபோர் பை ஃபோர் வண்டிகள் மட்டும்" என்று போலீஸ் வடிகட்டுவது வழக்கம். நெரிசலைக் குறைக்க அது பயன்படும், மறுப்பதற்கில்லை. ஆனால் தெற்கிலிருந்து போகிறவர் காதில் அது எப்படி விழுகிறது? 'உன் வண்டி பாஸ் ஆகிவிட்டது' என்று விழுகிறது. ஏறும் தகுதியைப் பார்த்து அனுப்பிவிட்டு, இறங்கும் தகுதியை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது டயர் என்ன நிலை, செயின் இருக்கிறதா, ஓட்டுகிறவர் இதற்கு முன் பனியில் ஓட்டியிருக்கிறாரா என்பது. வண்டி விளம்பரங்களும் ஒரு தடவையாவது இறங்குவதைக் காட்டலாம். வெள்ளைப் பனியைக் கிழித்துக்கொண்டு ஏறும் காட்சிதான் எப்போதும்.

நம் ஊரிலேயே பழகிக்கொள்ளலாம் என்றால் இடமும் இல்லை. அடிவாரத்துக்கு மேலே 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். அங்கே வண்டியை விட்டுச் சாகசம் செய்ய அனுமதி கிடையாது, கிடைக்கவும் கூடாது. ஆக, முதல் பரீட்சையே 3,000 மீட்டர் உயரத்தில், குடும்பத்தைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு நடக்கிறது.

அப்படியும் போகத்தான் போகிறீர்கள் என்றால், உள்ளூர் டிரைவரோடு வண்டி எடுப்பதுதான் இந்தப் பயணத்தில் உருப்படியான செலவு. இல்லை, நானே ஓட்டுவேன் என்றால், சாவி வாங்குவதற்கு முன் நான்கு டயரையும் குனிந்து பாருங்கள். ஸ்பேரையும். செயின் கேளுங்கள், கேட்டு வாங்கியதை அங்கேயே ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். விரல் மரத்துப்போன பிறகு, ரோட்டோரத்தில் படிக்கும் பாடம் இல்லை அது. நான்கு சக்கரத்துக்கும் செயின் போடுவது நல்லது, ஒரு ஜோடிதான் இருக்கிறது என்றால் எந்தச் சக்கரத்துக்கு என்று வண்டியின் கையேட்டில் இருக்கும். அடல் சுரங்கம் தாண்டிப் போனால், உருகிய ரோடு மறுபடி உறைவதற்கு முன், வெயில் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். காலையில் டாக்ஸி ஸ்டாண்டில் இருக்கும் மணாலிக்காரர் மேலே பார்த்துவிட்டு "இன்னைக்கு வேணாம் சார்" என்கிற மாதிரி தலையாட்டினால், மால் ரோட்டில் சூடாக ஒரு டீ குடித்துவிட்டு ரூமுக்குத் திரும்பலாம். சுரங்கம் நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.